"குளிர்காலத்துல பார்த்துக்கலாம்": ஒரு விவசாயத் தம்பதியின் வேலைப்பட்டியல்

இந்தக் கணவனும் மனைவியும் நடத்துவது ஒரு சின்னக் கலப்புப் பண்ணை. காய்கறிப் பாத்திகள், 30 செம்மறிப் பெட்டைகள், முட்டைக்கோழிகள், ஒரு வரிசை ஆப்பிள் மரங்கள், சில தேன்பெட்டிகள், ஹீட்டர் இல்லாத ஒரு பசுமைக்குடில். குளிர்காலத்தில் மண்ணே கல்லாக உறைந்துபோகும் வட்டாரம். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதுவே நிறைய இருக்கிறது.

கோடை முழுக்க அவர்கள் வீட்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, "அதைக் குளிர்காலத்துல பார்த்துக்கலாம்." கதவின் கீல் உடைந்ததா, குளிர்காலத்தில் பார்த்துக்கலாம். விதைப்பெட்டியில் எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லையா, கணக்குப் புத்தகம் நாலு மாதம் பின்தங்கிவிட்டதா, டிராக்டரில் எண்ணெய் கசிகிறதா, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். அந்த நேரத்தில் அது சோம்பலும் இல்லை, ஏனென்றால் களையும் அறுவடையும் காத்திருக்காது, கீல் காத்திருக்கும். ஆனால் இப்படி ஆறு மாதம் தள்ளிய எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிகிறது, அந்த இடம் இருவரும் நினைத்திருந்ததைவிட மிகவும் சிறியது. வருடத்திலேயே மிகக் குறைந்த நேரம் கிடைக்கும் பருவத்தை இவர்கள் உபரி நேரம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். என் பார்வையில் சிக்கலின் வேர் இதுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 45 டிகிரி அட்சரேகையில் கோடை உச்சத்தில் பதினைந்தரை மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம், குளிர்கால உச்சத்தில் எட்டே முக்கால் மணி நேரம்தான். கால்நடைக்குத் தீவனம், தண்ணீர், படுக்கைக்கு வைக்கோல், முட்டை எடுப்பது எல்லாம் சேர்த்துக் காலையும் மாலையும் வேளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதுவும் இருவர் சேர்ந்து செய்தால். மனைவி பண்ணை வருமானம் போதாமல் குளிர்காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வெளியே வேலைக்குப் போகிறார். அந்த நாள்களில் கணவர் தனியாக இரண்டரை மணி நேரம் வீதம் இரண்டு வேளையும் செய்கிறார். மிச்சம் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரம். அதில்தான் சாப்பாடு, கனத்த உடைகளைப் போட்டுக் கழற்றுவது, பனியை ஒதுக்கி வழி உண்டாக்குவது, உறைந்த பூட்டோடு மல்லுக்கட்டுவது எல்லாம். கோடையில் பத்து நிமிடத்தில் முடியும் வேலை கையுறை போட்ட கையோடு அரை மணி நேரம் இழுக்கும்.

ஒரு இலையுதிர்காலத்தில் இருவரும் உட்கார்ந்து தள்ளிப்போட்டதையெல்லாம் ஒரே தாளில் எழுதினார்கள். எழுதி முடித்ததும், இது இந்த ஒரு குளிர்காலத்தில் அடங்காது என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. எதை முதலில் செய்வது என்பதில்தான் வாக்குவாதம். கணவர் பெரிய வேலையிலிருந்து தொடங்கலாம் என்றார். மனைவி வேறு ஒரு கேள்வி கேட்டார்: "இதுல எதெது உறைஞ்சா கெட்டுப்போகும்?" அந்தக் கேள்வியை வைத்துத்தான் பட்டியலை மறுபடி எழுதினார்கள். இவர்கள் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

தண்ணீர்தான் தேதி குறிக்கிறது

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது. குழாய்க்குள் அடைபட்ட தண்ணீருக்கு விரிய இடம் கிடையாது. குழாய் வெடிக்கிறது, வால்வின் உடல் பிளக்கிறது, பம்பின் வார்ப்பிரும்பு விரிசல் விடுகிறது. மோசமான விஷயம் என்னவென்றால், உடைந்தது உறைந்திருக்கும் வரை தெரியாது. வசந்தத்தில் தண்ணீர் திறக்கும் நாளில்தான் ஒவ்வொன்றாகப் பீறிடும், அது நாற்று நடும் அவசரத்தின் நடுவில் வந்து நிற்கும்.

அதனால் முதல் கடுங்குளிருக்கு முன் இருவரும் செய்வது ஒன்றே ஒன்று, தண்ணீர் இருக்கக்கூடாத இடங்களிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது. சொட்டுநீர்க் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து, பிரதானக் குழாயில் கம்ப்ரசர் காற்றை விட்டு ஊதித் தள்ளுகிறார்கள். வடிகட்டிகளைக் கழற்றி உள்ளே கொண்டுபோகிறார்கள். பம்பின் அடிப்பகுதியில் வடிகால் திருகு ஒன்று இருக்கும், அதை மறப்பவர்கள் அதிகம், அதைத் திறந்தே வைக்கிறார்கள். தெளிப்பானில் மிச்ச மருந்துநீர் தங்கக்கூடாது. தோட்டத்து ஹோஸ் குழாயைச் சுவரிலிருக்கும் டேப்பிலிருந்து கழற்றாமல் விட்டால், உறைபனி தாங்கும் டேப்பாக இருந்தாலும் உள்ளே தண்ணீர் தேங்கி உடையும்.

அதே வாரங்களில் மண்ணும் ஒரு கெடு வைக்கிறது. பூண்டு நட மண் இறுகுவதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் முன்பு நேரம் பார்க்க வேண்டும், வேர் பிடிக்கவும் வேண்டும், முளை ரொம்ப மேலே வந்துவிடவும் கூடாது. பூண்டுக்கு அந்தக் குளிர் தேவை. குளிர் படாத பூண்டு பல்பல்லாகப் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடும். காலியான பாத்திகளில் மண்ணை மூடிக் காக்கும் பயிராக ரை என்ற தானியம். வேறு விதை முளைக்க மறுக்கும் குளிரிலும் ரை முளைக்கும், அதனால்தான் தாமதமாக அறுவடை முடிந்த பாத்திகளுக்கு அதையே நம்புகிறார்கள். மண் மாதிரி எடுப்பதும் இப்போதே, உறைந்த மண்ணில் மாதிரிக்குழாய் இறங்காது. அமிலத்தன்மை அதிகம் என்று முடிவு வந்தால் போடும் சுண்ணாம்பு மண்ணோடு கலந்து வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், வசந்தத்தில் போட்டு அதே வசந்தத்தில் பலன் எதிர்பார்க்க முடியாது. வேலி ஊன்றுகால் நடுவதும் இந்தக் கெடுவுக்குள்தான்.

இப்படிப் பிரித்ததில் ஒரு ஆச்சரியம் வெளிவந்தது. உறைவதற்குள் முடித்தே ஆக வேண்டியவை தாளில் கால்வாசிதான். ஆனால் முந்தைய வருடங்களில் அந்தக் கால்வாசியையும் மற்றதோடு கலந்து வைத்திருந்ததால், கொட்டகைக்குள் நிதானமாகச் செய்யக்கூடிய வேலையை நல்ல வெயில் நாளில் செய்துவிட்டு, வேலிக்கால் நடும் வேலையை உறைமண்ணில் கடப்பாரையோடு செய்திருக்கிறார்கள்.

அறை வாரியாகச் சேமிப்பு

அறுவடையை அடுக்கும் வேலையைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை, ஆனால் இவர்களின் குளிர்கால விற்பனை முழுதும் அதில்தான் நிற்கிறது. கேரட்டுக்கு 0 டிகிரியை ஒட்டிய குளிரும் 95 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். வெங்காயத்துக்கு அதே குளிர் சரி, ஆனால் காற்று உலர்ந்திருக்க வேண்டும், 65 முதல் 70 சதவீதம். உருளைக்கிழங்கை 4 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கறுத்துப்போகும், வெளிச்சம் பட்டால் பச்சையாகும். பூசணிக்கு இந்தக் குளிரெல்லாம் ஆகாது, 10 டிகிரிக்கு மேல் உலர்ந்த இடம் வேண்டும். ஆக, ஒரு நிலவறை இருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்பது நடக்காது. ஆப்பிளையும் கேரட்டையும் ஒரே அறையில் வைத்தால் ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசந்துபோகும்.

வாரம் ஒருமுறை மனைவி விளக்கோடு உள்ளே போய்க் கூடை கூடையாகப் பிரித்துப் பார்க்கிறார். அழுகத் தொடங்கிய ஒரு கிழங்கு பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அழுக வைக்கும். இது வெளிச்சம் தேவைப்படாத வேலை, அதனால் ராத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் மட்டுமே செய்ய முடிந்தது எது, விளக்கொளியில் செய்யக்கூடியது எது என்பது பட்டியலின் இரண்டாவது பிரிவாக ஆனது.

கால்நடை: பெரிய முடிவு இங்கேதான்

பகல் குறையும்போது கோழியும் ஆடும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. கோழி முட்டையிட ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும், குறைந்தால் இறகு உதிர்த்து ஓய்வுக்குப் போய்விடும். செம்மறிக்கோ பகல் குறைவதுதான் பருவத்துக்கு வரச்சொல்லும் அடையாளம். கோழிக்கொட்டகையில் விளக்குப் போட்டு முட்டையைத் தொடரலாம், பலர் செய்கிறார்கள். இவர்கள் செய்யவில்லை. உடம்புக்கு ஒரு இடைவெளி கிடைக்கட்டும் என்று மனைவி உறுதியாக நின்றார், எனக்கும் அது சரியாகவே படுகிறது.

ஆட்டில்தான் கணக்கு கனமானது. செம்மறியின் சினைக்காலம் சுமார் 147 நாள். அக்டோபர் முதல் தேதி கிடாவை விட்டால் பிப்ரவரி கடைசியில் குட்டிகள் விழத்தொடங்கும். டிசம்பர் தொடக்கத்தில் விட்டால் ஏப்ரல் கடைசி. பல வருடமாக இவர்கள் அக்டோபரில் விட்டுக்கொண்டிருந்தார்கள், முன்னதாகப் பிறந்த குட்டி முன்னதாக எடை ஏறும், முன்னதாக விற்கும் என்ற நியாயத்தில். அதற்குக் கொடுத்த விலையை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. வயிற்றில் குட்டியின் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில்தான் நடக்கிறது, அதாவது தாய்க்கு அதிகத் தீவனம் வேண்டிய நேரம் சரியாக நடுக்குளிரில் வந்து உட்கார்ந்தது. புல் கிடையாது, எல்லாம் வைத்திருக்கும் உலர்தீவனமும் அடர்தீவனமும்தான். அப்புறம் குட்டி விழும் காலம்: ராத்திரி இரண்டு மணி, நாலு மணி என்று இருவரும் மாறி மாறி எழுந்து போவது, நனைந்த குட்டி விறைத்துப்போகாமல் துடைப்பது, முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று பார்ப்பது. ஆட்டுக்குட்டி தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்களை வயிற்றிலேயே வாங்கி வருவதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கிறது, அதைத் தவறவிட்டால் பின்னால் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் ஈற்றுக்குச் சில வாரம் முன்பு தாய்க்குத் தடுப்பூசி போடுவதும்.

இருவரும் அந்த வாரங்களில் தூங்கவில்லை என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மனைவி விடியற்காலையில் ஆட்டுக்கொட்டகையிலிருந்து நேராக வெளிவேலைக்குப் போன நாள்களும் உண்டு. இதே வாரங்களில்தான் விதை வாங்குவது, நாற்று விடுவது, கணக்கு முடிப்பது எல்லாம் விழுந்தன.

எடுத்த முடிவு, கிடாவை விடுவதை டிசம்பர் தொடக்கத்துக்குத் தள்ளுவது. புல் எழும்பும் நேரத்தில் குட்டி விழுந்தால் தாயின் பால் புல்லிலிருந்து வரும், இரவுக் குளிர் குறையும், கொட்டகை நெருக்கடியும் இல்லை. இழப்பும் உண்டு. குட்டிகள் தாமதமாகத்தான் எடை ஏறும், முதல் சந்தை கைவிட்டுப் போகும், வெயில் காலத்துப் புழுத்தொல்லை சின்னக் குட்டிகளுக்கே வந்து சேரும். கணவருக்கு இது பிடிக்கவில்லை. சந்தையை விட்டுக்கொடுப்பது தோல்வி மாதிரி அவருக்குத் தோன்றியது. கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது, மனைவி எடுத்து வைத்த ஒரே ஒரு தாள். அதில் முந்தைய ஈற்றுக்காலத்துத் தீவனச் செலவு ஒரு பக்கம், முன்சந்தையில் கிடைத்த கூடுதல் வருமானம் மறுபக்கம், கீழே இருவரும் விழித்த ராத்திரிகள். கூடுதல் வருமானத்தைத் தீவனமே பெரும்பாலும் தின்றிருந்தது.

கிடாவின் மார்பில் சாயக்கட்டி கட்டும் பழக்கத்தையும் அப்போதுதான் தொடங்கினார்கள். எந்தப் பெட்டையோடு சேர்ந்ததோ அதன் முதுகில் நிறம் ஒட்டும். செம்மறியின் பருவச் சுழற்சி சராசரி 17 நாள் என்பதால் 17 நாளுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றினால், எது முதல் சுற்றில் சினை பிடித்தது, எது மறுபடி பருவத்துக்கு வந்தது என்று வெறும் கண்ணால் தெரியும். ஈற்று வாரத்தைக் கொத்தாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். மஞ்சள் மாதிரி வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பழைய கறை மேல் புதியது தெரியாது.

குளிரைப் பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம் இருக்கிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொட்டகையை இறுக்கி மூடினால் ஆடு கதகதப்பாக இருக்கும் என்று தோன்றும். உள்ளே மூச்சின் ஈரமும் மூத்திரத்தின் அமோனியாவும் சேர்ந்து நுரையீரலைத்தான் கெடுக்கும். உலர்ந்த படுக்கை, முதுகுக்கு நேரே அடிக்காத காற்று, மேலே காற்று வெளியேற வழி, வயிறு நிறைய உலர்புல், இவை போதும். நார்த்தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது வரும் சூடுதான் ஆட்டுக்கு அடுப்பு. தண்ணீர் உறைந்திருந்தால் ஆடு குறைவாகக் குடிக்கும், குறைவாகக் குடித்தால் குறைவாகத் தின்னும், அந்த அடுப்பும் தணிந்துவிடும். அதனால் தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி உடைப்பதை இருவரும் எந்த நாளும் விட்டதில்லை.

தேன்பெட்டிகளைக் குளிரில் திறப்பதே இல்லை. எலி நுழையாமல் வாசலில் தடுப்பு, மேலே ஈரம் வெளியேற ஒரு வழி, அவ்வப்போது பெட்டியின் பின்பக்கத்தை லேசாகத் தூக்கிப் பார்த்து எடையை வைத்துத் தேன் இருப்பை ஊகிப்பது. அவ்வளவுதான்.

மேசை வேலை

வெளியில் தெரியாத வேலை இதுதான், தம்பதிக்குள் உரசல் வந்ததும் இங்கேதான். திட்டமிடுதல், விதை ஆர்டர், கணக்கு, காப்பீட்டுத் தாள் எல்லாம் ராத்திரி உணவுக்குப் பின் மனைவி தலையில் விழுந்தன. கணவர் அன்று மூன்று டன் வைக்கோல் நகர்த்தியிருந்தால் அது கண்ணுக்குத் தெரிகிறது. மனைவி மூன்று மணி நேரம் விதைக்கணக்குப் பார்த்திருந்தால் மேசையில் தாள்கள்தான் இருக்கின்றன. "நீ உட்கார்ந்துதானே இருந்த" என்று ஒரு ராத்திரி வாய்விட்டுச் சொல்லிவிட்டார் கணவர். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைவு.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒரு குளிர்காலம் முழுக்க இருவரும் தங்கள் மணிநேரங்களை ஒரே நோட்டில் எழுதினார்கள், மேசை வேலையையும் சேர்த்து. மாதக் கடைசியில் கூட்டியபோது இரண்டு பேரின் எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக வந்தது. கணவர் அதற்குப் பிறகு விதைச் சோதனையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பழைய விதையில் 50 எண்ணி, ஈரத் தாளில் சுருட்டி, கதகதப்பான இடத்தில் வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பது. வெங்காய விதை ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் நம்பகமில்லை, தக்காளி நாலைந்து வருடம் தாங்கும். இந்தச் சோதனையால் ஆர்டர் பட்டியல் சுருங்கியது, பாதி மட்டுமே முளைக்கும் என்று தெரிந்த விதையை இரட்டிப்பாகத் தூவிச் சமாளிக்கவும் முடிந்தது.

பயிர் சுழற்சித் திட்டத்தை இருவரும் சேர்ந்தே போடுகிறார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் போன வருடம் என்ன, நோய் வந்ததா, விளைச்சலில் எவ்வளவு விற்றது, எவ்வளவு கோழிக்குப் போனது. இதில் மனைவி கறாரானவர். விற்காததை அடுத்த வருடம் பழக்கத்துக்காக நடுவதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. பசுமைக்குடில் கீரை பற்றியும் இப்படித்தான் முடிவானது. பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் கீரை வளர்வது கிட்டத்தட்ட நின்றுவிடும், அதுவரை வளர்ந்ததைக் குடில் அப்படியே காத்து வைக்கும், அவ்வளவே. ஆகவே விதைப்புத் தேதியை முன்னே இழுத்து, இருட்டு வாரங்களுக்குள் முழு அளவுக்கு வந்திருக்கும்படி செய்தார்கள். அறுப்பு மட்டும் குளிர்காலத்தில்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடில் கூரையிலிருந்து பனியை உடனுக்குடன் தள்ளுவது முக்கியம்: புதுப்பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ, ஈரமாகப் படிந்தது 300 கிலோவைத் தொடும். டிராக்டர் பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் கடுங்குளிரையும் தாங்கும், இறங்கிப்போயிருந்தால் உறைந்து வெடிக்கும். வெட்டும் விறகு இந்தக் குளிருக்கு ஆகாது, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், அது அடுத்த வருடத்துக்குத்தான். ஆப்பிள் கவாத்து, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டுவது, குளிர்காலக் கடைசியில், கடும் உறைபனி தணிந்த நாளில்.

பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவர்கள் செய்யவே போவதில்லை என்று அடித்துவிட்டார்கள். பழைய விதைப்புக் கருவியைப் புதுப்பிக்கும் ஆசை, இரண்டாவது கோழிக்கொட்டகை, இன்னும் சில. அடிப்பது கணவருக்கு வலித்தது. ஆனால் வேறு எந்தச் சீர்திருத்தத்தையும்விட இதுதான் அதிக நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. இப்போது கோடையில் யாராவது "குளிர்காலத்துல பார்த்துக்கலாம்" என்றால், அந்த வேலை உடனே தாளில் ஏறுகிறது, எந்தப் பிரிவு, எத்தனை மணி நேரம் என்ற குறிப்போடு. ஒதுக்கிய மணிநேரம் நிரம்பிவிட்டால் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டுத்தான் புதிது சேரும்.

கொட்டகைக் கதவின் உட்புறம் தினசரி வேலைத் தாளும் ஒட்டியிருக்கிறது. எந்தப் பட்டிக்கு எத்தனை கட்டுத் தீவனம், எந்த டேப்பை எந்தப் பக்கம் திருப்பினால் வடியும், கால்நடை மருத்துவரின் எண். போன குளிரில் கணவர் பனியில் வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தபோது பக்கத்துப் பண்ணைக்காரர் அந்தத் தாளைப் பார்த்தே இரண்டு வேளையும் சமாளித்தார்.

தீராமல் இருப்பது வெளிவேலைதான். மனைவி அதை விட்டால் பகல் வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்யலாம், ஆனால் மாதச் சம்பளம் நின்றுபோகும். விடாவிட்டால் அந்த மூன்று நாளும் கணவர் தனியாள்தான். டிசம்பர்ச் சினையில் பிறக்கும் குட்டிகளை விற்று, ஒரு முழு வருடத் தீவனக் கணக்கு கைக்கு வந்த பிறகு முடிவெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மூன்று நாள் வேலை தொடர்கிறது, அந்த நாள்களின் மாலைத் தீவனத்துக்கு மட்டும் பக்கத்துப் பண்ணையின் மூத்த பையனைக் கூலிக்கு வைத்திருக்கிறார்கள்.